யார் அழலாம், யார் அழக்கூடாது: காதல், துக்கம், விடுதலை மூன்றும் சேரும் நாவல்கள்

கேள்வி இது: "தடுக்கப்பட்ட காதல், குடும்பத்தின் துயரம், விடுதலைக்கான போராட்டம் மூன்றும் வருகிற நல்ல நாவல்கள் சொல்லுங்கள். நான் படித்தவற்றில் போராட்டக் கதைக்குக் காதல் ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ள மட்டும் வைத்திருக்கிறார்கள். எங்கள் வாசிப்புக் குழுவில் பேசுவதற்கு உருப்படியாக நாலைந்து வேண்டும்." பட்டியல் கேட்பது போலத்தான் தெரிகிறது. ஆனால் அந்த ஊறுகாய் வரியில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது. எந்த நாவலில் இந்த மூன்றும் ஒட்டுப்போட்ட மூன்று துணிகளாகத் தெரியாமல் ஒரே நெசவாக இருக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் கல்லூரியில் இலக்கியம் சொல்லிக்கொடுத்தவள். இப்போது ஊரில் ஒரு வாசகர் வட்டத்தை நடத்துகிறேன். தமிழும் ஆங்கிலமும்தான் படிப்பேன். பஞ்சாபி, உருது எழுத்துகளை மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். அதனால் அவற்றின் மொழியழகைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கதையில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இத்தனை வருடம் மாணவர்களோடு வாசித்ததில் எனக்குப் பயன்பட்ட அளவுகோல் ஒன்று உண்டு. காதலர்கள் சேர்ந்தார்களா, நாடு விடுதலை பெற்றதா என்று பார்க்காதீர்கள். அந்தக் கதையில் யாருக்கு வாய்விட்டு அழ உரிமை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பாருங்கள். காதலைத் தடுக்கிற கையும் விடுதலையை மறுக்கிற கையும் ஒன்றாக இருந்தால், அதே கை யாரோ ஒருவரின் அழுகையையும் பொத்தும். அது நடக்கிற நாவலில் காதல் ஊறுகாயாக இருக்கவே முடியாது. இது ஆராய்ச்சி முடிவெல்லாம் கிடையாது, என் வாசிப்புப் பழக்கம். பொருந்தாத நல்ல நாவல்களும் இருக்கலாம். கீழே சொல்பவற்றுக்குப் பொருந்துகிறது.

முதலில் டோனி மாரிசனின் 'பிலவ்ட்'. 1987-இல் வந்தது, அடுத்த வருடம் புலிட்சர் பரிசு பெற்றது. 'இதில் தடுக்கப்பட்ட காதல் எங்கே?' என்று உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள். அமெரிக்க அடிமை முறையில் தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. பெற்றவளுக்குப் பிள்ளை சொந்தமில்லை, எஜமானனுக்குச் சொந்தம். எப்போது வேண்டுமானாலும் விற்கலாம். ஆகவே ஒரு தாய் தன் பிள்ளையை முழு மனதோடு நேசிப்பதே அங்கே வரம்பு மீறல். கதையில் வருகிற பால் டி என்ற முன்னாள் அடிமை இதை வெளிப்படையாகவே சொல்கிறான்: அடிமையாக இருப்பவள் எதையும் கொஞ்சமாக நேசிப்பதுதான் பாதுகாப்பு, பறித்துக்கொண்டு போனாலும் அடுத்ததற்கு மிச்சம் இருக்கும் என்பது அவன் கணக்கு. நாயகி சேத்துக்கு அந்தக் கணக்கு வரவில்லை. கென்டக்கியிலிருந்து தப்பி ஓஹையோ ஆற்றைத் தாண்டி சின்சினாட்டிக்கு வந்து, இருபத்தெட்டு நாள் சுதந்திர மனுஷியாக வாழ்கிறாள். பிறகு எஜமானன் பிடிக்க வருகிறான். பிள்ளைகள் திரும்பவும் அந்த வாழ்க்கைக்குப் போகக்கூடாது என்று தன் கையாலேயே கொல்லத் துணிகிறாள். பெண் குழந்தை ஒன்று செத்துப்போகிறது.

இதில் வரலாறு எது, கற்பனை எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண் 1856 ஜனவரியில், உறைந்து கிடந்த ஓஹையோ ஆற்றின் மேல் நடந்தே தப்பினார். பிடிபடும் தறுவாயில் தன் சிறு பெண் குழந்தையைக் கொன்றார். கொலைக் குற்றத்துக்கு விசாரிப்பதா, தப்பியோடிய உடைமை என்று எஜமானனிடம் ஒப்படைப்பதா என்பதுதான் அன்று பெரிய வழக்கு. கொலை வழக்குப் போட்டால் அவர் ஒரு மனுஷி என்று சட்டம் ஒப்புக்கொண்டதாகிவிடும். 1850-இன் தப்பியோடிய அடிமைகள் சட்டம் வென்றது. அவரைத் திருப்பி அனுப்பினார்கள், 1858-இல் அடிமையாகவே இறந்தார். இவ்வளவும் பதிவான செய்தி. கொன்ற குழந்தை பேயாகவும் பிறகு இளம்பெண்ணாகவும் திரும்பி வருவது, சேத்தின் பிற்கால வாழ்க்கை எல்லாம் மாரிசனின் படைப்பு. அந்த இளம்பெண் உண்மையிலேயே செத்த மகள்தானா, வேறு எங்கோ அடைபட்டுக் கிடந்து தப்பி வந்த ஒருத்தியா என்பதில் விமர்சகர்களே ஒத்துப்போவதில்லை. நாவலிலேயே இரண்டுக்கும் இடம் இருக்கிறது. குழுவில் முடிவு கட்டப் பார்க்காதீர்கள்.

அழும் உரிமைக்கு வருவோம். செத்த குழந்தைக்குக் கல்லறைக் கல் வைக்கச் சேத்திடம் காசில்லை. கல் செதுக்குபவன் பத்து நிமிடம் அவள் உடம்பைக் கேட்கிறான்; அதற்குக் கூலியாக ஏழு எழுத்து செதுக்கித் தருகிறான். இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருந்தால் இன்னொரு சொல்லும் கிடைத்திருக்குமோ என்று அவள் பின்னாளில் யோசிக்கிறாள். அவளுடைய மாமியார் பேபி சக்ஸ் எட்டுப் பிள்ளை பெற்றவள். தலைப்பிள்ளையைப் பற்றி அவள் மனதில் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று: ரொட்டியின் அடியில் கருகிய பகுதியை அந்தக் குழந்தைக்கு ரொம்பப் பிடிக்கும். முகம் நினைவில்லை. ஒப்பாரி வைக்கவும் கொஞ்சம் நினைவு வேண்டுமே, அதைக்கூட விட்டுவைக்கவில்லை அந்த முறை. அடிமை முறை எவ்வளவு கொடியது என்று பத்து அத்தியாயம் விளக்கினாலும் இந்த ரொட்டிக்கு ஈடாகாது.

அடுத்து நம் ஊர். பெருமாள்முருகனின் 'பூக்குழி', 2013. 'பைர்' என்ற ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலுக்குப் போனதால் பலருக்குத் தெரிந்திருக்கும். சோடாக் கடையில் வேலை பார்க்கப் போன குமரேசன், தோலூரில் சரோஜாவைக் காதலித்துத் திருமணம் செய்து தன் கிராமத்துக்குக் கூட்டி வருகிறான். பெண் என்ன சாதி என்று ஊரே கேட்கிறது. அவன் மழுப்புகிறான். நாவலும் கடைசி வரை அந்தச் சாதியின் பெயரைச் சொல்வதில்லை. படிக்கிற நாமும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஒரு கணமாவது அதைத் துருவியிருப்போம். அங்கேதான் ஆசிரியர் நம்மைப் பிடிக்கிறார்.

இதில் அழுகை தலைகீழாக வருகிறது. குமரேசனின் தாய் மாராயி, இளம் வயதில் கணவனை இழந்து ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவள். மகன் உயிரோடு கண்ணெதிரே நிற்கிறான், மார்பில் அடித்துக்கொண்டு அவனுக்கு ஒப்பாரி வைக்கிறாள். புது மருமகள் பாறைமேல் இருக்கிற குடிசைக்குள் உட்கார்ந்து அதைக் கேட்கிறாள். துக்கத்தை ஆயுதமாக்கிய காட்சிகளை நிறையப் படித்திருக்கிறேன். இது மாதிரி எலும்பில் குத்தியது குறைவு. ஏனென்றால் மாராயி நடிக்கவில்லை. அவளுடைய துக்கம் நிஜம். ஊரில் ஒதுக்கி வைத்துவிடுவார்கள் என்ற பயமும் நிஜம். அந்த நிஜம்தான் சரோஜாவை மெல்ல மெல்லக் கொல்கிறது. சரோஜாவுக்கோ தாய்வீட்டை விட்டு வந்ததற்கு அழக்கூட ஆளில்லை, பகலில் குமரேசன் வேலைக்குப் போய்விட்டால் பேச்சுத்துணையும் இல்லை. 'இதில் விடுதலைப் போராட்டம் எங்கே?' என்றால், நாடு விடுதலை அடைந்து பல காலம் கழித்து நடக்கிற கதை இது. வந்து சேராத விடுதலையைப் பற்றியது. முடிவைச் சொல்ல மாட்டேன். தலைப்பே பாதி சொல்லிவிடுகிறது.

இதோடு சேர்த்துப் படிக்க அருந்ததி ராயின் 'சின்ன விஷயங்களின் கடவுள்'. 1997-இல் புக்கர் பெற்ற நாவல், ஜி. குப்புசாமியின் தமிழாக்கம் காலச்சுவடில் கிடைக்கிறது. கேரளத்து அய்மனம், 1969. சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்து அம்முவுக்கும் தீண்டப்படாத பரவன் சாதி வெளுத்தாவுக்கும் உள்ள உறவு. வெளுத்தா கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினன். நெருக்கடியில் ஓடிப்போய்க் கதவைத் தட்டுவது கட்சித் தோழரின் வீட்டைத்தான். அந்தக் கதவு அவனுக்கு உதவவில்லை. விடுதலை பேசும் இயக்கத்துக்குள்ளும் அதே சாதி உட்கார்ந்திருக்கிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய பக்கங்கள் குறைவு. கேரள இடதுசாரிகளில் பலர் இந்தச் சித்தரிப்பை நியாயமற்றது என்றார்கள்; அந்த வாதத்தையும் குழுவில் வைத்துப் பேசலாம். ஆற்றில் மூழ்கி இறந்த அண்ணன் மகள் சோஃபி மோளின் சவ அடக்கத்தில் அம்முவும் இரட்டைக் குழந்தைகளும் மற்றக் குடும்பத்தாரிடமிருந்து தள்ளித்தான் நிற்கவேண்டியிருக்கிறது. ஒரு சாவுக்கு ஊர் கூடி அழுகிறது, காவலர்கள் அடித்தே கொன்ற வெளுத்தாவின் சாவுக்கு ஒருவரும் இல்லை.

பிரிவினைக்கு வருகிறேன். 1947-ஐப் பற்றி ஒன்றிரண்டு மட்டும்தான் படிக்க முடியும் என்றால், குஷ்வந்த் சிங்கின் 'ட்ரெயின் டு பாகிஸ்தான்' (1956) எளிதாக ஓடும். சட்லெஜ் கரையில் மனோ மாஜ்ரா, சீக்கிய ரவுடி ஜக்காவுக்கும் நெசவாளியான இமாமின் மகள் நூரனுக்கும் காதல், எல்லைக்குப் போகிற ரயில். நல்ல நாவல்தான். ஆனால் நூரனுக்குக் கிடைப்பது சில பக்கம்தான். ஜக்காவின் தாயிடம் போய் வயிற்றில் இருக்கும் பிள்ளையைச் சொல்லி நிற்கிற ஒரு காட்சியைத் தவிர, அவள் கதைக்கு வேண்டிய சாமானாகவே இருக்கிறாள். நீங்கள் சொன்ன ஊறுகாய்க் குறை இதற்குப் பாதி பொருந்தும்.

அதற்குப் பதில் அம்ரிதா ப்ரீதமின் 'பிஞ்சர்' படியுங்கள். பஞ்சாபியில் 1950-இல் வந்த சிறிய நாவல். பூரோ என்ற இந்துப் பெண்ணைப் பழைய குடும்பப் பகைக்காக ரஷீத் தூக்கிக்கொண்டு போகிறான். அவள் ஒரு ராத்திரி தப்பி வீட்டுக்கு ஓடி வருகிறாள். அப்பா உள்ளே சேர்க்கவில்லை. அம்மாவால் சத்தம் போட்டு அழ முடியவில்லை. அக்கம்பக்கம் கேட்டால் மகள் வந்து போனது தெரிந்துவிடும். வாசலிலேயே அந்தத் துக்கத்தை விழுங்கிவிடுகிறார்கள். பூரோ திரும்பிப் போகிறாள், ஹமீதா என்ற புதுப் பெயரைக் கையில் பச்சை குத்துகிறார்கள். நாடு பிரிகிறபோது அவளுடைய சகோதரனின் மனைவியே கடத்தப்படுகிறாள். ஹமீதாவும் ரஷீதும் சேர்ந்து மீட்கிறார்கள். கடைசியில் சகோதரன் 'நீயும் வா' என்கிறான். அவள் என்ன முடிவெடுக்கிறாள் என்பதுதான் நாவல். பூரோவுக்கும் ரஷீதுக்கும் நடுவில் பின்னால் வருவதைக் காதல் என்று சொல்லலாமா? கடத்தியவனின் குற்ற உணர்வை வைத்து அவனைத் தேற்றிவிடுகிறார் ஆசிரியர் என்று ஒரு தரப்பு. திரும்பிப் போக வீடே இல்லாதவள் இருக்கிற இடத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறாள் என்று இன்னொரு தரப்பு. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன், முழுத் திருப்தியோடு அல்ல.

பின்னணி தெரிந்தால் இந்த நாவல் இன்னும் கனக்கும். பிரிவினையில் சுமார் 75,000 பெண்கள் கடத்தப்பட்டார்கள் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இது மதிப்பீடுதான்; துல்லியமான எண்ணிக்கை யாரும் எடுக்கவில்லை. ஆனால் சட்டம் உறுதியான விஷயம். 1947 டிசம்பரில் இரு நாடுகளும் பெண்களை மீட்க உடன்பாடு செய்தன, 1949-இல் இந்தியா அதற்கென்று சட்டமே போட்டது. அந்தச் சட்டத்தில் மீட்கப்படும் பெண்ணின் சம்மதத்துக்கு இடமில்லை. அவள் எந்த மதத்தில் பிறந்தாள் என்பதை வைத்து எந்த நாடு என்று அரசே முடிவு செய்யும். புதிதாக விடுதலை பெற்ற இரண்டு நாடுகளும் முதல் காரியமாக, ஒரு பெண் யாரோடு வாழலாம் என்பதில் ஒன்றுபட்டன. ஊர்வசி புட்டாலியாவும், ரிது மேனன் – கம்லா பாசின் இருவரும் 1998-இல் வெளியிட்ட புத்தகங்களில் அந்தப் பெண்களின் வாய்மொழியே இருக்கிறது. நாவல் பிடித்தால் அந்தப் பக்கம் போகலாம்.

இங்கே ஒரு சிறுகதையையும் நுழைக்கிறேன். நீங்கள் நாவல்தான் கேட்டீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். ராஜிந்தர் சிங் பேடியின் 'லாஜ்வந்தி', உருது. சுந்தர்லாலின் மனைவி கலவரத்தில் கடத்தப்படுகிறாள். மீட்டு வரும் பெண்களை வீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தெருத்தெருவாகப் பாடிப் பிரசாரம் செய்கிற குழுவுக்குச் செயலாளர் அவன்தான். ஒருநாள் அவளே திரும்பி வருகிறாள். சொன்ன சொல் தவறாமல் ஏற்றுக்கொள்கிறான். முன்பெல்லாம் அடிப்பவன் இப்போது கை நீட்டுவதில்லை. 'தேவி' என்று கூப்பிடுகிறான். கடத்தியவன் யார், அடித்தானா என்று ஒரே ஒரு முறை கேட்கிறான். அடிக்கவில்லை, ஆனாலும் அவனிடம் பயமாக இருந்தது. நீங்கள் அடித்தபோதும் உங்களிடம் பயமில்லை என்று அவள் சொல்லத் தொடங்குகிறாள். நடந்ததையெல்லாம் மறந்துவிடுவோம் என்று வாயை அடைத்துவிடுகிறான். அவளுக்கு வேண்டியது கேரட்டுக்குச் சண்டை போட்டு முள்ளங்கிக்குச் சமாதானமாகிற பழைய லாஜோவாக இருப்பது. கிடைத்தது பூஜை அறை. எல்லாம் நல்லெண்ணத்தோடு நடக்கிறது, அழுகை மட்டும் உள்ளேயே தங்கிவிடுகிறது.

அரசே காதலைத் தடுத்த இடம் வேண்டுமென்றால் தென்னாப்பிரிக்கா. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் உடலுறவைத் தடுத்த சட்டம் 1927-இலேயே வந்தது, 1949-இல் கலப்புத் திருமணத் தடை, 1950-இல் முதல் சட்டத்தை இன்னும் அகலப்படுத்தினார்கள். இவற்றை நீக்க 1985 ஆனது. ஆலன் பேட்டனின் 'டூ லேட் த ஃபாலரோப்' (1953) அந்தச் சட்டத்தில் சிக்கிய ஒரு வெள்ளைப் போலீஸ் அதிகாரியின் கதை. அவனுடைய அத்தை சொல்வதாக எழுதியிருக்கிறார். தகப்பன் குடும்ப பைபிளை எடுத்து மகன் பெயரை அடிக்கிறார். நம் ஊரில் உயிரோடு இருப்பவருக்குத் தலை முழுகுவது போல. குறை என்னவென்றால், கறுப்புப் பெண் ஸ்டெஃபனிக்கு வெளியிலிருந்து பார்த்த அளவுதான் உருவம் இருக்கிறது. தன் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற அவளுடைய பயம் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. வெள்ளைக் குடும்பத்தின் துக்கத்துக்கு முழு நாவல். பேட்டன் நிறவெறியை எதிர்த்தவர்தான். இருந்தும் அவர் பேனாவுக்கே எட்டாத அழுகை ஒன்று இருந்தது.

ஈழத்துக்கு, வி. வி. கணேஷானந்தன் ஆங்கிலத்தில் எழுதிய 'ப்ரதர்லெஸ் நைட்' (2023). 2024-இல் பெண்களுக்கான புனைவுப் பரிசு பெற்றது. யாழ்ப்பாணத்துச் சசி, மருத்துவராக விரும்புகிறவள். மூத்த அண்ணன் 1983 கலவரத்தில் கொல்லப்படுகிறான், இரண்டு அண்ணன்மார் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் போகிறார்கள். அவள் மனதுக்குப் பிடித்த கே. என்பவனும் போகிறான். இங்கே காதலைத் தடுப்பது பெற்றோர் இல்லை, இயக்கம். அந்தக் காதல் கடைசி வரை வாய் திறந்து சொல்லப்படுவதே இல்லை. கே.யின் உண்ணாவிரதக் காட்சிகள் 1987 செப்டம்பரில் நல்லூரில் திலீபன் இருந்த உண்ணாவிரதத்தை நினைவூட்டும். அஞ்சலி என்ற பேராசிரியை, 1989-இல் கொல்லப்பட்ட ராஜனி திராணகமவை நினைவூட்டுவார். ஆனால் இது நாவல், வாழ்க்கை வரலாறு அல்ல. ஒருவருக்காக ஊரே திரண்டு அழும்போது, அவனைத் தனியாக நேசித்தவள் எங்கே உட்கார்ந்து அழுவாள் என்பதுதான் இதன் நடு நரம்பு. இதைக் குழுவில் எடுத்தால் அரசியல் வாக்குவாதம் வரும். வரட்டும், ஆனால் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள் மட்டும் பேசட்டும்.

கல்கியின் 'அலை ஓசை'யைச் சொல்லவில்லையே என்று யாராவது கேட்பார்கள். 1948–49-இல் தொடராக வந்தது. அவர் இறந்த பிறகு 1956-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சுதந்திரப் போராட்டமும் பிரிவினைக் காலத்து டெல்லியும் சீதாவின் துயர வாழ்க்கையும் சேர்ந்தே வருகின்றன. சீதா பாத்திரம் இன்றும் நிற்கும். ஆனால் தற்செயல்கள் அதிகம், சோகத்தை மேலே மேலே அடுக்குகிறார். இரண்டாம் பாதியில் எனக்கு மூச்சு முட்டியது. நா. பார்த்தசாரதியின் 'ஆத்மாவின் ராகங்க'ளில் மதுரைக் காந்தியத் தொண்டன் ராஜாராமனுக்கும் தேவதாசிக் குடும்பத்து மதுரத்துக்கும் காதல். கேட்ட மூன்றும் இதில் இருக்கின்றன. மதுரம் தியாகச் சிலையாக உயர்த்தப்படுவதுதான் எனக்கு உறுத்தல். பேடி கதையில் வருகிற 'தேவி' இங்கே கேள்வியே இல்லாமல் வந்துவிடுகிறாள். தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் வந்தது என்பதை மனதில் வைத்துப் படித்தால் கொஞ்சம் சுவாரசியம் கூடும்.

குழுவுக்கு வரிசை கேட்டால் இப்படி வைப்பேன். முதல் கூட்டத்துக்கு 'லாஜ்வந்தி'. ஒரு மாலையில் படித்துவிடலாம், பேச்சு தானாகப் பற்றிக்கொள்ளும். அடுத்து 'பூக்குழி', பிறகு 'பிஞ்சர்'. இரண்டுமே சின்னவை. ராயின் நாவல் காலத்தை முன்னும் பின்னும் கலைத்துப் போடும், அதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். 'பிலவ்ட்' கடைசியில் வரட்டும். முதல் ஐம்பது பக்கம் யார் யாரென்றே பிடிபடாது. பாதியில் நிறுத்தியவர்கள் எங்கள் வட்டத்திலும் உண்டு. ஒரு தாளில் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள். அதில் வன்புணர்வும் குழந்தைக் கொலையும் நேரடியாக வருகின்றன. குழுவில் அண்மையில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் யாராவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த மாதம் அவர் வராமல் இருந்தாலும் ஏன் என்று கேட்காதீர்கள்.